வரைபடத்தில் இல்லாத காம்பராக்கள்

மழை வலுத்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வரும். தெல்தோட்டை மஞ்சள், கங்க இஹல கோறளை சிவப்பு என்று பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக அறிவிப்பார்கள். சிவப்பென்றால் வெளியேற வேண்டும். எந்தத் தோட்டத்தில், எந்த லயத்து ஆட்கள்?

உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். புவியியல் தகவல் முறைமை என்றால் நிறம் தீட்டிய படம் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். படம் பாதிதான். படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதே இலக்கத்தில் அட்டவணையில் ஒரு வரிசை இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் இடத்தோடு விபரம் சேரும். சரிவு, பாறை, மண், நீரோட்டம், நிலப்பயன்பாடு எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்துத்தான் மலைநாட்டின் ஆபத்து வலயங்களை அந்த நிறுவனம் குறித்து வைத்திருக்கிறது. அருமையான வேலை, மறுக்கவில்லை.

ஆனால் மலைக்கு இருக்கும் அட்டவணை மனிதருக்கு இல்லை. ‘மேல்கணக்கு, பத்துக் காம்பரா லயம்’ என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. பல தோட்டங்களில் வீட்டிலக்கமே கிடையாது, கடிதம்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயரை வைத்துச் சேர்க்கலாம் என்றால், சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, நாம் சொல்வது இன்னொன்று.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோது, 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். காணாமற்போனோர் 300 பேர் வரை என்று முதலில் செய்தி வந்தது. பிறகு அந்த எண் 40க்கும் கீழே இறங்கியது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்பதைக்கூட உடனே சொல்ல முடியவில்லை. அது எங்கோ நடந்த கதையும் அல்ல: 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது, நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது நம் கண்டி மாவட்டத்தில்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஒவ்வொரு லயச் சுவரிலும் ஓர் இலக்கம் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் அதன் இருப்பிடத்தைப் பதியுங்கள். எத்தனை குடும்பம், நடக்க முடியாத முதியவர் யார், கைக்குழந்தை எந்தக் காம்பராவில், இரவில் யாரை அழைப்பது என்பவற்றை அந்த இலக்கத்துக்கு நேரே எழுதுங்கள். பட்டியல் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பத்திரமாக இருக்கட்டும், முகநூலில் வேண்டாம். தோட்ட நிர்வாகங்களே, ஒக்டோபர் மழைக்கு முன் இதை முடித்துக் கொடுங்கள். பதிவதற்கு எங்கள் உயர்தர மாணவர்கள் வருவார்கள்.