குறையில்லை என்னும் முடிவு

பிறந்த மகவின் கொப்பூழ்க்கொடி அறுத்த இடத்தில் குருதி நாட்கணக்காய்க் கசிகின்றது. மருத்துவர் குருதியைச் சோதனைக்கு அனுப்புகின்றார். 'உறையும் நேரம் சரியாயுள்ளது. குறையில்லை' என்று முடிவு வருகின்றது. பெற்றோர் மனமகிழ்ந்து இல்லம் ஏகுகின்றனர். அம்முடிவு பொய்யன்று, ஆயினும், அதனை நம்பி வாளாவிருத்தல் அம்மகவின் உயிர்க்கே ஊறாய் முடிதலும் கூடும் என்பதே யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது. தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், ஒரு சொல்லின் பொருள் எவ்வெல்லை வரை செல்லும் என்று பார்ப்பது எம் தொழிலே யன்றோ?

குருதி உறைதற்கு உதவும் பொருள்களுள் 13ஆம் காரணி எனப்படுவது, குருதிக்கட்டி தோன்றிய பின்னரே தன் தொழிலைச் செய்வது. ஏனைய காரணிகள் கூரைக்கு ஓலை பரப்புகின்றன. இஃது அவ்வோலையைக் கயிறிட்டுப் பிணிக்கின்றது. வழக்கமான சோதனைகளோ கட்டி தோன்றும் அக்கணத்திலேயே கடிகாரத்தை நிறுத்திவிடுகின்றன. பிணியாத கூரை அடுத்த காற்றுக்கு நில்லாதென்பதை அவை எங்ஙனம் அறியும்? 1960இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதல் விவரிக்கப்பெற்ற இக்குறை கடுமையாக உடையார்க்கு, மூளையினுள் குருதி பெருகும் இடர் பிற குருதிப்போக்கு நோய்களினும் மிகுதி.

இதனை அறிய எளியதொரு சோதனை உண்டு. குருதிக்கட்டியை யூரியாக் கரைசலில் இட்டு ஒரு நாள் வைத்தால், பிணிப்புடையது கரையாது நிற்கும். 13ஆம் காரணி அறவே இல்லாதது சில மணி நேரத்திற்குள் கரைந்தொழியும். கடுங்குறையை மட்டுமே இது காட்டும். அளவிட்டறிதற்குத் தேர்ந்த ஆய்வுக்கூடமே வேண்டும். பிறர் குருதியோ பிளாஸ்மாவோ ஏற்றிய பின் எடுத்த மாதிரியும் பயன்படாது. பிறர் தந்த காரணி அதில் நின்று குறையை மறைத்துவிடும். ஆகவே, ஏற்றுதற்கு முன்னரே சிறிது குருதி எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, கடுங்குளிரில் வைத்து, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு அனுப்புதல் மாவட்ட மருத்துவமனைதோறும் வழக்கமாதல் வேண்டும்.

ஏறத்தாழ 20 இலட்சம் பேரில் ஒருவர்க்கு வருவதன்பொருட்டு இத்துணை முயற்சியோ என்பார் உளர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தாலன்றி இக்கடுங்குறை தோன்றாது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் அக்கணக்கை அப்படியே கொள்ளலாகாது. அன்றியும், ஏற்றப்பெற்ற 13ஆம் காரணி குருதியில் நெடுநாள் தங்குவது. ஹீமோபிலியா மிக்கார்க்குக் காரணி ஊசி வாரத்தில் இருமுறை மும்முறை வேண்டியிருக்க, இவர்க்கு நான்கு வாரத்திற்கு ஒருமுறை ஏற்றினாலே பெரும்பாலும் போதும். நோயின் பெயர் தெரிந்த வீட்டில் இத்துணை எளிது. தெரியாத வீட்டிலோ, முதல் மகவை இழந்தோர் இரண்டாம் மகவின் கொப்பூழிலும் அதே கசிவைக் கண்டு, விதியென்று கையற்று நிற்கின்றனர்.