செயின் ஒன்றும் இழுபடவில்லை!

"செயின் இழுத்துப்போச்சு சார், புதுசு மாட்டிக்குங்க." வாட்ச் கடைக்குப் போனாலே இந்தப் பாட்டுதான். ஸ்டீல் என்ன ரப்பரா? தேய்வது கண்ணிகளைக் கோத்த பின்னும் அதன் துளையும். ராஜகிரி ஏறி இறங்கும் வியர்வையும் தூசியும் சேர்ந்தால் உப்புத்தாள்தான்!

முதலில் செயினைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். அழுக்கு அடைத்திருந்தால் தேய்மானம் தெரியாது. பிறகு பக்கவாட்டு விளிம்பு மேலே இருக்க, ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். லேசாகச் சாய்ந்தால் கவலையில்லை. வில்லாகத் தொங்கினாலும், கெட்டிக் கண்ணியென்றால் பின் மாற்றிப் பார்க்கலாம். தகடு மடித்த கண்ணி வாய் பிளந்திருந்தால்தான் கடைக்காரர் சொல்வது சரி.

1961-இல் ஜப்பான் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்து வாட்சோடு வந்த செயினைக் குப்பையில் போட்டால், அதே செயினை எந்தக் கடைக்காரர் எடுத்துத் தருவார்?