முறிந்த கையோடு ஓர் உதை

1955, சிட்னி. ரக்பி லீக் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சவுத் சிட்னி வீரர் கிளைவ் சர்ச்சிலுக்குக் கை எலும்பு முறிந்தது. நோட்டுப்புத்தக அட்டையை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினார். கடைசி நேரத்தில் மேன்லி அணியுடன் 7-7 சமநிலை. பக்கக்கோட்டருகிலிருந்து அவர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 9-7!

தோற்றிருந்தால் சவுத் சிட்னியின் கனவு அன்றே கலைந்திருக்கும். அந்த ஆண்டு அதுவே வெற்றியாளர் ஆனது. ஆனால், காயத்தால் இறுதியாட்டத்தில் சர்ச்சில் இல்லை.

1985இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு முதல், இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்குக் ‘கிளைவ் சர்ச்சில் பதக்கம்’ வழங்கப்படுகிறது.

நாம் தாங்கிப்பிடித்த வேலைக்கு வேறொருவர் மேடையேறிப் பாராட்டு வாங்கலாம். மனம் சுருங்கும் அந்த நேரத்தில், சர்ச்சிலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.