கால் வீக்கம் என்றால் வயசு தானா?

என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பருக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை விருத்தாசலத்திலிருந்து வெளியூர் போய் இம்யூனோதெரபி மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். போன மாதம் பார்க்கப் போனேன். இடது கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை கல்லாக இருந்தது. "பஸ்ல உட்கார்ந்தே வந்தது சார், வயசும் ஆச்சுல்ல" என்றான் மகன். ஸ்கேன் எடுத்தால் ரத்தக்கட்டி.

ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் எச்சரிக்கை இருந்தது. ஆறாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

இது புது விஷயமா? புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாரிஸ் டாக்டர் த்ரூஸோவின் பெயர் எனக்குப் பழக்கம். புற்றுநோய்க்காரருக்கு ரத்தம் உறையும் என்று 1865லேயே பாடம் நடத்தியவர். 1867ல் தன் உடம்பிலேயே அந்த உறைவைப் பார்த்து, நோய் இன்னதென்று தானே சொல்லிவிட்டார். அந்த ஆண்டே வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார்.

புது மருந்து அந்த ஆபத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று டாக்டர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதிக்கட்டும். தட்டி எழுப்பிய எதிர்ப்பு அணுக்கள் அழற்சியைக் கிளப்பும், அழற்சி ரத்தத்தை உறையத் தூண்டும் என்பது தெரிந்ததுதானே? காரணம் எதுவானாலும் வீங்குவது நோயாளியின் கால்தான்.

வாட்ஸ்அப் வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. "சர்க்கரையை நிறுத்து, புற்று பட்டினியில் சாகும்" என்கிறீர்கள். புற்று அணு குளுக்கோஸை அள்ளித் தின்னும் என்று வார்பர்க் நூறு வருஷம் முன்பே காட்டியது உண்மை. ஆனால் அதோடு சண்டை போடும் வெள்ளையணுவுக்கும் அதே குளுக்கோஸ்தான் தீனி. நீங்கள் நிறுத்தினாலும் கல்லீரல் தயாரித்துக் கொடுத்துவிடும். இளைப்பது நோயாளி மட்டுமே. இன்னொன்று: இந்த மருந்து சிலருக்குக் கணையத்தைக் கெடுத்துத் திடீர் சர்க்கரை நோயைக் கொண்டுவரும், தைராய்டையும் குறைக்கும். அதைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் காணோம்!

எச்சரித்தால் நோயாளி பயப்படுவார் என்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் மண்டை ஓடு போட்டு 'அபாயம்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து யார் கரண்டு வேண்டாம் என்றார்கள்?

நான் குமாஸ்தா. கேட்பது ஒரே ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில்: ஒரு கால் மட்டும் வீங்கினால், திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால், அடுத்த ஊசி வரை காத்திருக்காதே, அன்றைக்கே ஓடு.

லட்சக்கணக்கில் மருந்துக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு தாள் அச்சடிக்கவா காசில்லை?