"போட் போயிட்டு" என்று சொல்வதற்கு முன்



காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எங்கு கற்பித்தாலும், கணினிப் பாடம் எடுக்கும் நாம் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு ஒன்றுண்டு: "போட் போயிட்டு, சேர்." அதோடு கதை முடிகிறது. கணினி களஞ்சிய அறைக்குப் போகிறது, பிறகு பழைய இரும்புக்காரரிடம் போகிறது. ஏன் போனது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்க ஆளில்லை. இதைப் பகிரங்கமாகக் கேட்கவே இந்தப் பதிவு.

அண்மையில் நலன்விரும்பி ஒருவர் எங்கள் பாடசாலையின் பழைய டெஸ்க்டொப்புகளுக்குப் பாவித்த கோர் 2 குவாட் புரொசசர்கள் வாங்கித் தந்தார். கடையில் மாட்டினார்கள். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. அதே தீர்ப்புத்தான் வந்தது. புதிய கணினிகளுக்கான விலைப்பட்டியலும் உடனே கையில் தரப்பட்டது.

நாம் செய்த முதல் வேலை, கழற்றிய பழைய பென்டியத்தைத் திரும்ப மாட்டியது. கணினி எழும்பியது. செத்த போட் எப்படி எழும்பும்?

விசயம் இதுதான். இன்டெல் 2004 இல் கொண்டுவந்த எல்ஜிஏ 775 சொக்கட்டில் பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை எல்லாமே உட்காரும். ஆனால் திறப்பு பூட்டுக்குள் போவது வேறு, பூட்டுத் திறபடுவது வேறு. அந்தப் புரொசசரை போட்டின் சிப்செட் ஏற்க வேண்டும், பயோஸ் அடையாளம் காண வேண்டும், போட் அதற்குப் போதிய மின்சாரம் கொடுக்க வேண்டும். 915 சிப்செட் போட்டில் கோர் 2 வேலை செய்யாது. ஜி31, ஜி41 போட்டுகளில் பெரும்பாலும் வேலை செய்யும், பயோஸ் அதற்கேற்ற பதிப்பாக இருந்தால். போட்டின் மாதிரி இலக்கத்தையும் ரிவிஷன் இலக்கத்தையும் வாசித்து, தயாரித்த கம்பனியின் பட்டியலோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் கணினிகளில் பழைய பயோஸ்தான் இருந்தது. பழைய புரொசசரை வைத்தபடியே, யூபிஎஸ்ஸில் இணைத்து, புதிய பதிப்பை ஏற்றினோம். பாதியில் கரண்ட் போனால்தான் போட் உண்மையில் போகும். பிறகு குவாட்டை மாட்டி, சிஆர்2032 பற்றரியைச் சிறிது நேரம் கழற்றி வைத்துப் போட்டோம். திரை வந்தது. ஒன்று மட்டும் பத்து நிமிடத்தில் அணைந்தது. ஹீட்சிங்கின் நான்கு ஊசிகளில் ஒன்று இறுகாமல் இருந்தது. புதிதாகப் பேஸ்ட் பூசி அழுத்தியதும் சரி. இன்னொன்றில் சொக்கட்டின் முடி போன்ற ஊசிகள் வளைந்து முறிந்திருந்தன. அது மட்டும் மெய்யாகவே போனது. அதைப் போனது என்று எழுதியும் வைத்தோம்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்த உப்புக் காற்றில் ரெம்மின் தொடுமுனை கறுத்தாலும் திரை வராது. அதற்கு மருந்து மாணவரின் பெட்டியில் கிடக்கும் அழிறப்பர். ரெம்மைக் கழற்றிவிட்டுப் போடும்போது ஸ்பீக்கரில் "பீப்" கேட்டால் புரொசசரும் பயோஸும் உயிரோடுதான் இருக்கின்றன. 12 வோல்ட் நான்கு முனை வயர் மாட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பதற்குக் காசா, பணமா?

"பழசுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்கிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐ எட்டியதை நாம் மறக்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. சாதாரண தரப் பிள்ளைக்கு விரிதாளும் தரவுத்தளமும் பஸ்கால் செய்நிரலும் பழக இந்தக் கணினி தாராளம். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது, 11 இவற்றுக்குச் சரிவராது என்பதும் உண்மை. லினக்ஸ் மின்ட் இலவசம், லிப்ரே ஒபிஸும் இலவசம். எல்லாப் பழசையும் கட்டியழச் சொல்லவில்லை. 915 போட்டைக் கழியுங்கள். புரொசசர் போதுமென்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், வேகம் அதிலேயே தெரியும். கழிப்பதானாலும் காரணத்தோடு கழியுங்கள்.

நமது கோபம் வேறொன்றிலும் இருக்கிறது. புதிய கணினி கையளிக்கப் பதாகை உண்டு, மாலை உண்டு, போட்டோ உண்டு. ஒரு குழாய் பேஸ்ட்டுக்கும் ஒரு பற்றரிக்கும் கொடுக்க யாருமில்லை. ஊர்ப் பணம் அமானிதம். சோதிக்காமல் கழிப்பது அதில் செய்யும் வீண்விரயம்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் மூன்று விடயங்களைக் கேட்கிறோம். பழைய புரொசசரை மாட்டிப் பார்த்த முடிவு எழுத்தில் இல்லாமல் எந்தக் கணினியையும் கழிக்க ஒப்பமிடாதீர்கள். கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் கடையிலிருந்து திருப்பி வாங்குங்கள். அன்பளிப்புக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென வையுங்கள்.

கடைக்காரச் சகோதரர்களே, உங்கள் தொழிலை நாம் மதிக்கிறோம். சோதித்ததற்குக் கூலி கேளுங்கள், தருவோம். சோதிக்காத தீர்ப்புக்கு மட்டும் இனிப் புதிய கணினியின் விலை தரமாட்டோம்.

வஸ்ஸலாம்.