திங்கட்கிழமைக்கு என்ன ஏற்பாடு?

பிள்ளையோ பெண்ணோ லண்டனில் குடித்தனம் செய்தால், பெற்றவர்கள் ஒரு தடவையாவது விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்று நம் வீடுகளில் சகஜமாகிவிட்டது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் மூட்டை கட்டப்படும் தடபுடல் இங்கே. அங்கேயோ பிள்ளைகள் ஊர் சுற்றிக் காட்டத் திட்டம் போடுகிறார்கள். சனிக்கிழமை பக்கிங்ஹாம் அரண்மனையும் டவர் கோட்டையும். ஞாயிற்றுக்கிழமை தேம்ஸ் நதிக்கரை ராட்சத ராட்டினமும் மெழுகுப் பொம்மைகளும்.

எல்லாம் சரிதான். திங்கட்கிழமைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்!

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரக் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். கீரைக்காரியின் குரல் இல்லை. அடுத்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்ப்பதில்லை. நம் ஊரில் பாங்க்குக்கும் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் தனியாகப் போய் வந்து ஒரு குடும்பத்தையே கட்டி ஆண்ட பெண்மணி, அடுத்த சனிக்கிழமை யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும் என்று ஜன்னலோரம் காத்திருக்கிறார். "வந்து இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் ஊருக்குப் போகணும் என்கிறாளே அம்மா" என்று குறைப்படும் பெண்களே, அம்மாவுக்கு உங்கள்மேல் பிரியம் குறைந்துவிடவில்லை. கால் கட்டிப் போட்டதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால் முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்யுங்கள். பத்து இடங்களைக் காட்டுவதற்கு முன்னால், ஒரே ஒரு வழியைத் தனியாகப் போய் வரக் கற்றுக் கொடுங்கள்.

அதற்கு லண்டன் பஸ் மிகவும் தோதானது. 2014-ம் ஆண்டிலிருந்து பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. ஏறும்போது கார்டைக் காட்டினால் போதும். தாயாருக்கென்று தனிக் கார்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. முதல் பஸ்ஸில் கார்டைக் காட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறி ஏறினாலும் மறுபடி கட்டணம் இல்லை. 2016-ல் வந்த இந்தச் சலுகை, தவறான பஸ்ஸில் ஏறிவிட்டவர்களுக்கும் உபகாரமானது! அடுத்த நிறுத்தம் எது என்பதைக் குரலும் சொல்லும், பலகையும் காட்டும். 15-ம் எண் பஸ்ஸின் மாடியில் முன் வரிசையில் உட்கார்ந்தால் டவர் கோட்டை, செயின்ட் பால் தேவாலயம் எல்லாம் ஜன்னல் வழியாகவே தரிசனம் தந்துவிடும்.

பாதாள ரெயிலின் பெருமை பெரிது. 1863-ல் ஓட ஆரம்பித்த அது, உலகத்துக்கே முன்னோடி. ஆனால் நகரும் படிக்கட்டுகள் புடைவைக்குச் சத்துரு! ஏஞ்சல் ஸ்டேஷன் படிக்கட்டு சுமார் 60 மீட்டர் நீளம். அவசியம் போகத்தான் வேண்டுமென்றால் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள்; இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, உட்கார இடம் தரும்படி கேட்கும் பாட்ஜ் ஒன்றை 2017 முதல் போக்குவரத்து நிர்வாகமே இலவசமாகத் தருகிறது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றால், வாய்விட்டுக் கேட்கும் கூச்சம் மிச்சம்.

வேலை நிமித்தமாக நான் அங்கே இருந்தபோது என் அம்மா மூன்று மாதம் வந்திருந்தாள். அரண்மனையைப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், நீ காய்கறி வாங்குகிற கடை எது?" என்றாள். ஈஸ்ட்ஹாமில் முருங்கைக்காயும் சேனைக்கிழங்கும் விற்கும் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். இரண்டாம் தடவை அம்மா முன்னால் நடக்க, நான் பின்னால் பேசாமல் போனேன். மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கதவைத் திறந்தால், சமையலறை மேஜையில் கொத்தமல்லிக் கட்டு! "பஸ்ஸில் போய் வந்தேன். அந்தக் கடைக்காரப் பிள்ளைக்கு யாழ்ப்பாணமாம், எனக்கு நாற்காலி போட்டான்" என்றாள். அன்றிலிருந்து ஊருக்குப் போகும் பேச்சே இல்லை.

மியூசியம் போன்ற இடங்களையும் இந்தக் கண்ணோடு தேர்ந்தெடுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் கூடங்களுக்கு அனுமதி இலவசம். அங்கே முழுவதையும் பார்க்க முயன்று கால் வீங்க வேண்டாம். அமராவதிச் சிற்பக் கூடம் ஒன்றைப் பார்த்தால் போதும். அந்தச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் சென்னையில் இருந்து 1859-ல் கப்பலேறியவை. அவற்றோடு பிறந்த சிற்பங்கள் இன்றும் நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. எழும்பூரைப் பார்த்த தாயாரானால் உங்களுக்கு அவரே விளக்கம் சொல்வார். அவர் சொல்ல, நீங்கள் கேட்கலாம்!

இன்னொரு விஷயம். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்; டிசம்பரிலோ நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விளக்கேற்றும் வேளை எது என்று தாயார் குழம்பினால் சிரிக்காதீர்கள். கோடையில் வரவழைத்தால் வெளியே போய் வரப் பொழுதும் நிறைய உண்டு. கோடையில் நம் நேரத்துக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. அப்பா ஊரில் தனியாக இருந்தால், சமையலறையில் நம் ஊர் மணி காட்டும் கடிகாரம் ஒன்றையும் மாட்டி வையுங்கள். "அவர் சாப்பிட்டிருப்பாரா?" என்ற விசாரத்துக்கு அது பாதி மருந்து.

அடுத்த தடவை அம்மாவுக்கு டிக்கெட் வாங்கும்போதே, வீட்டு விலாசத்தையும் உங்கள் டெலிபோன் நம்பரையும் கொட்டை எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி, அவர் கைப்பையில் வைக்கத் தயாராக இருங்கள். வீட்டுச் சாவி இன்னொன்றும் செய்து வையுங்கள். அரண்மனை எங்கேயும் ஓடிவிடாது, சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.