வானில் வழி தப்பினோர்

வானூர்தி செலுத்தப் புதிதாய்ப் பழகுவோர் செய்யும் பிழைகளைக் கேட்டு நகைத்தல் எளிது. நிலத்தில் நின்று நகைக்கும் நமக்கு ஊரும் வழியும் தெரியும். மாணவர்களே, திருநின்றவூர்ப் பேரேரியைக் கரையில் நின்று காண்பவர் எவரும் அதனை வேறோர் ஏரியென மயங்கமாட்டார். உயரே பறந்து நோக்குவார்க்கோ, இவ்வட்டாரத்து ஏரிகள் யாவும் சிதறிய கண்ணாடித் துண்டுகள்போல் ஒன்றாகவே தோன்றும். மழை பொய்த்த ஆண்டில் ஏரியும் வெற்று நிலமாய்க் கிடக்கும். வரைபடத்தில்தான் நீலநிறம் இருக்கும்! ஆதலின் முற்கால வானோட்டிகள், நம் ஊர் வழியே அரக்கோணம் செல்வது போன்ற இருப்புப்பாதைகளைப் பற்றிக்கொண்டு பறந்தனர். பாதை பிரியுமிடத்தில் பிழையான கிளையைத் தொடர்ந்தால், சேருமிடமும் மாறிவிடும்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே குறித்த காலத்துள் தனியொருவராய்ப் பறந்து முடிக்கும் முதல் இந்தியர்க்கு 500 பவுன் பரிசளிப்பதாக ஆகா கான் அறிவித்திருந்தார். 1930ஆம் ஆண்டில் அதற்கு மூவர் முயன்றனர். மூவர்க்கும் வாய்த்தவை மேற்கூரையற்ற சிற்றூர்திகளே. வானொலிக் கருவி இல்லை. திசைகாட்டியும் வரைபடமுமே துணை.

அவருள் மன்மோகன் சிங் என்பார் தம் ஊர்திக்கு 'மிஸ் இந்தியா' எனப் பெயரிட்டார். 'மிஸ்' என்னும் ஆங்கிலச் சொல் 'செல்வி' என்றும், 'தவறவிடு' என்றும் இருபொருள் தரும். அவர் வழி தப்புவதில் பெயர் பெற்றவர். எனவே, இவர் இந்தியாவையே தவறவிடுவார் போலும் என்று ஓர் ஆங்கில இதழாசிரியர் எள்ளினார். சிலேடை நயமானதே, ஆயினும் அதனை எழுதிய கை பாலைமேல் தனித்துப் பறந்த கையன்று. சிங் இந்தியாவை வந்தடைந்தார். காலவரம்பு கடந்தமையால் பரிசு மட்டும் கிட்டவில்லை. பின்னர் இரண்டாம் உலகப்போரில் வானோட்டியாய்ப் பணியாற்றி, 1942இல் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் உயிர்நீத்தார்.

வழி தப்புதல் இழிவன்று என்பதே என் கருத்து. தப்பியதை ஒப்புக்கொள்ள நாணி மேலும் பறத்தலே பெருங்கேடு. ஒவ்வொரு நொடியும் எரிபொருள் குறையும், பொழுதும் சாயும். இறங்கத் தகுந்த வெளி கண்ணுக்குப் புலப்படும்போதே இறங்கி, "ஐயா, இஃது எவ்வூர்?" என்று உழவரை வினவுபவனைக் கண்டு ஊரார் நகைப்பர். நகைத்தால் என்ன? அவன் உயிரோடு வீடு திரும்புவான்.

போட்டியிட்ட மற்றொருவர் ஆஸ்பி எஞ்சினியர். வயது 17. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில், எகிப்து நாட்டு அபூகீரில் அவர் ஊர்தி முடங்கியது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் 'ஸ்பார்க் பிளக்' பழுதுற்றது; மாற்றுவதற்கு வேறு இல்லை. நெடும்பயணத்துக்கு இத்துணைச் சிறு பொருளையும் உடன்கொள்ளாமை நாணத்தக்க பிழையன்றோ? அவ்வேளையில் கராச்சியிலிருந்து இலண்டனை நோக்கிப் பறந்துகொண்டிருந்த ஜே. ஆர். டி. டாட்டா அங்கு வந்திறங்கினார். இவரும் அதே பரிசை நாடியவர். எஞ்சினியர் தம் குறையை மறைத்திலர். டாட்டாவும் தம்மிடமிருந்த பிளக்குகளைப் பகிர்ந்தளித்தார். நன்றி பாராட்டிய இளைஞர் தம் மிதவைச் சட்டையை அவர்க்கு ஈந்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் பறந்தனர்.

டாட்டா இலண்டனை அடைவதற்குச் சில மணி நேரம் முன்னரே எஞ்சினியர் கராச்சியை அடைந்து பரிசைப் பெற்றார். அவரே 1960இல் இந்திய விமானப்படையின் தலைவரானார்.